திட்டமில்லாதவர்கள் யார்?

“முதலில் எல்லாவற்றையும் யோசித்து எழுதி முடியுங்கள். எழுதியதில் எல்லோரும் கையெழுத்துப் போடுங்கள். அப்புறம் எழுதியபடி செய்யுங்கள். வேலை என்றால் அதுதான். இந்த அஜைல் எல்லாம் திட்டம் போடத் தெரியாதவர்கள் சொல்லும் சாக்கு.” மென்பொருள் நிறுவனங்களின் மேலாளர் அறைகளில் இந்தப் பேச்சு மறுபடி ஓங்கி ஒலிக்கிறது. பழைய மகாபலிபுரம் சாலையில் நிறுவனப் பேருந்துக்காகக் காத்து நிற்கும் இளம் பொறியாளர்களைக் கேட்டால் அவர்களும் அஜைல் வேண்டாம் என்றே சொல்கிறார்கள். காரணம் மட்டும் வேறு. “தினமும் காலையில் வட்டமாக நின்று ஒப்பிக்கிறோம். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை மூச்சு முட்டுகிறது. இது எங்களை விரட்டும் சாட்டை.” மேலே இருப்பவர் அதைக் கட்டுப்பாடின்மை என்கிறார், கீழே இருப்பவர் அளவுமீறிய கட்டுப்பாடு என்கிறார். இரண்டு காரணங்களும் ஒன்றையொன்று வெட்டுகின்றன. ஆனாலும் இருவரும் ஒரே முடிவுக்கு வந்து சேர்கிறார்கள்: அஜைலின் காலம் முடிந்தது, பழைய வழிக்கே திரும்பலாம்.

அந்த முடிவு தவறு. பழைய வழி எதைக் காவு வாங்கியது என்பதை மறந்தவர்களும், புதிய வழியை ஒருநாளும் உண்மையாகப் பார்க்கக் கிடைக்காதவர்களும் சேர்ந்து எடுத்த முடிவு அது. இந்தத் தொழிலில் பல ஆண்டுகள் இருந்தவன் என்ற முறையில், அதை ஏற்காததற்கான காரணங்களை ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

முதலில் சொல்லைத் தெளிவாக்கிக்கொள்வோம். பெரிய வேலையைச் சிறு துண்டுகளாகப் பிரிப்பது. ஒவ்வொரு துண்டையும் ஓடும் நிலையில் முடித்து, பயன்படுத்தப் போகிறவர் கையில் கொடுப்பது. அவர் சொல்வதைக் கேட்டு அடுத்த துண்டைத் தீர்மானிப்பது. அஜைல் என்பது இவ்வளவுதான். ஸ்பிரின்ட் (குறுகிய கால வேலைச் சுற்று), ஸ்டாண்ட்-அப் (தினமும் நின்றபடி நடக்கும் சிறு கூட்டம்), பேக்லாக் (செய்யவேண்டியவற்றின் பட்டியல்), ரெட்ரோ (முடிந்த சுற்றைத் திரும்பிப் பார்க்கும் கூட்டம்) எல்லாம் இதற்காக ஏற்பட்ட கருவிகள். 2001 பிப்ரவரியில் அமெரிக்காவின் யூட்டா மாநிலத்து ஸ்னோபேர்ட் என்ற மலைவாசத்தலத்தில் 17 மென்பொருள்காரர்கள் கூடி எழுதிய அறிக்கையில் இந்தக் கருவிகளின் பெயர் ஒன்றுகூடக் கிடையாது. நான்கு மதிப்பீடுகளும் பன்னிரண்டு கொள்கைகளும்தான் அதில் இருக்கின்றன. திட்டத்தைப் பற்றிக்கொண்டு நிற்பதைவிட மாற்றத்துக்கு இசைந்துபோவது மேல் என்று சொல்லும் அதே அறிக்கை, திட்டத்துக்கும் மதிப்பு உண்டு என்று சேர்த்தே சொல்கிறது. அதைப் படித்த யாரும் ‘திட்டம் வேண்டாம் என்கிறார்கள்’ என்று சொல்ல முடியாது.

இனி, எதிர்த்தரப்பின் மிகப் பிரபலமான வாதத்துக்கு வருவோம். “வீடு கட்டும்போது பிளான் இல்லாமல் கட்டுவோமா?”

கட்டமாட்டோம். ஆனால் சொந்தமாக வீடு கட்டியவர்கள் நெஞ்சில் கைவைத்துச் சொல்லட்டும்: போட்ட பிளான்படியேவா கட்டி முடித்தீர்கள்? சுவர் எழும்பியபின் அம்மா வந்து சமையலறையில் நிற்பார். அடுப்பு மேடைக்கு நேராக மேற்கு வெயில் அடிப்பது அப்போதுதான் தெரியும். ஜன்னலைத் தள்ளி வைக்கச் சொல்வார். பூச்சு வேலைக்கு முன்பு எலக்ட்ரீஷியன் ஒவ்வோர் அறையாக நம்மை அழைத்துப் போய், கட்டில் எங்கே வரும், ஃபிரிட்ஜ் எங்கே வரும் என்று கேட்டுச் சுண்ணாம்புக்கட்டியால் சுவரில் குறிப்பார். தாளில் பார்த்தபோது தோன்றாதது அறைக்குள் நின்றபோது தோன்றுகிறது. ‘வீட்டைக் கட்டிப் பார், கல்யாணம் பண்ணிப் பார்’ என்று நம் பெரியவர்கள் சொன்னதில் உள்ள ‘பார்’ என்ற சொல்லைக் கவனியுங்கள். சில காரியங்கள் செய்யும்போதுதான் தங்களைக் காட்டும் என்பது அனுபவத்தில் கண்ட முடிவு.

வீட்டு உவமைக்கு இன்னொரு குறையும் உண்டு. கான்கிரீட் இறுகிவிட்டால் சம்மட்டி எடுத்து உடைக்கவேண்டும். கம்பி, சிமென்ட், கூலி எல்லாம் வீண். ஆகவே அங்கே முன்யோசனை அதிகம் வேண்டும், அது நியாயம். மென்பொருள் அப்படி இறுகுவதில்லை. ஒழுங்காக எழுதி, ஒழுங்காகச் சோதித்து வைத்த நிரலை இன்று மாலையே மாற்றி இன்று இரவே ஓட்டிப் பார்க்கலாம். இறுகும் பொருளுக்கு ஏற்பட்ட ஒழுங்கை இறுகாத பொருளின் மேல் திணித்து, அதன் மிகப் பெரிய வசதியை நாமே பறித்துக்கொள்கிறோம்.

‘எழுதியபடி செய்’ என்ற வழிக்கு வாட்டர்ஃபால் என்று பெயர். தேவை, வடிவமைப்பு, நிரல், சோதனை என்று அருவி போல மேலிருந்து கீழே இறங்கும் படிகள். இந்தப் படிகளைப் படமாக வரைந்தவராகச் சொல்லப்படுபவர் வின்ஸ்டன் ராய்ஸ். பெரிய மென்பொருள்களைக் கட்டுவது பற்றி 1970-ல் அவர் ஒரு கட்டுரை எழுதினார். அந்தப் படத்தைப் போட்ட கையோடு அவர் என்ன சொன்னார் தெரியுமா? இதை இப்படியே கடைப்பிடிப்பது ஆபத்து, தோல்வியை வரவழைக்கும் என்றார். சோதனை கடைசியில் வருகிறது. அங்கே பிழை தெரிந்தால் வடிவமைப்பு வரை, சில சமயம் தேவைகள் வரைகூடத் திரும்பிப் போகவேண்டி வரும் என்பது அவர் சொன்ன காரணம். புதிதாக ஒன்றைக் கட்டும்போது அதை இரண்டு முறை செய்யுங்கள், முதல் முறை கற்றுக்கொள்வதற்காக என்றும், வாடிக்கையாளரை வழிநெடுகச் சேர்த்துக்கொள்ளுங்கள் என்றும் அறிவுரை சொன்னார். அறிவுரையை விட்டுவிட்டுப் படத்தை மட்டும் உலகம் எடுத்துக்கொண்டது. அமெரிக்கப் பாதுகாப்புத் துறை 1985-ல் கொண்டுவந்த மென்பொருள் விதிமுறை அந்தப் படிவரிசையையே ஒப்பந்தக்காரர்களுக்கு வழக்கமாக்கியது; 1994-ல் அதே துறை வேறு விதிமுறை கொண்டுவந்து அந்தப் பிடியைத் தளர்த்தியது. பழைய வழியின் மூலபுருஷராகக் காட்டப்படுபவரே அதை நம்பவில்லை. அதை வழக்கமாக்கிய அலுவலகமே பத்தாண்டுக்குள் இறங்கி வந்தது. இப்போது நம்மை எந்த இடத்துக்குத் திரும்பச் சொல்கிறார்கள்?

“சின்னச் சின்ன ஆப் செய்பவர்களுக்கு அது சரி. பெரிய அரசு வேலைக்கு ஒத்துவராது” என்பது அடுத்த வாதம். சரி, பெரிய அரசு வேலை ஒன்றையே பார்ப்போம்.

அமெரிக்காவின் எஃப்.பி.ஐ. தன் வழக்குக் கோப்புகளைத் தாளிலிருந்து கணினிக்கு மாற்ற 2001-ல் ஒரு மென்பொருளைக் கட்டத் தொடங்கியது. பெயர் விர்ச்சுவல் கேஸ் ஃபைல். திட்டமில்லாமல் கட்டினார்கள் என்று யாரும் சொல்ல முடியாது. தேவைகளை எழுதிய ஆவணம் மட்டும் 800 பக்கத்துக்கு மேல். தொடங்கிய ஆண்டிலேயே செப்டம்பர் 11 தாக்குதலோடு உலகம் மாறியது. துப்பறியும் அமைப்பின் வேலையே மாறியது. தேவைகளில் மாற்றம் கேட்டு நூற்றுக்கணக்கில் கோரிக்கைகள் குவிந்தன. வெள்ளிக்கிழமை பழையதை அணைத்துவிட்டுத் திங்கட்கிழமை புதியதை எரியவிடுவது என்ற ஏற்பாடு வேறு. சரிவராவிட்டால் திரும்பிப் போக வழி கிடையாது. 2003 டிசம்பரில் மென்பொருள் வந்து சேர்ந்தது. எஃப்.பி.ஐ. அதை ஏற்க மறுத்தது. 2005-ல் மொத்தமாகக் கைவிட்டார்கள். ஏறத்தாழ 17 கோடி டாலர் போயிற்று. அது ஒருநாளும் முழுப் பயன்பாட்டுக்கு வரவில்லை.

‘அடிக்கடி மாற்றம் கேட்டதால்தான் கெட்டது’ என்று திட்டப் பற்றாளர்கள் இதற்கும் சொல்வார்கள். செப்டம்பர் 11-க்குப் பிறகும் எஃப்.பி.ஐ. மாற்றம் கேட்டிருக்கக் கூடாதா? மாறிப்போன உலகத்துக்குப் பழைய உலகத்தின் மென்பொருளை வாங்கிக்கொண்டிருக்க வேண்டுமா? மாற்றம் வந்தது குற்றமாகாது. மாற்றத்தை ஏற்கக் கதவே வைக்காமல் கட்டியதுதான் குற்றம்.

கதை அங்கே முடியவில்லை. 2006-ல் சென்டினல் என்ற பெயரில் மறுபடி தொடங்கினார்கள். ஒப்பந்தக்காரர் லாக்ஹீட் மார்ட்டின். நான்கு கட்டங்கள், 42.5 கோடி டாலர், 2009 டிசம்பரில் முடிவு என்று திட்டம். 2010 ஆகஸ்டில் கணக்குப் பார்த்தபோது, உயர்த்தப்பட்ட 45.1 கோடியில் 40.5 கோடி செலவாகியிருந்தது. நான்கில் இரண்டு கட்டங்களே வந்திருந்தன. இதே வழியில் முடிக்க வேண்டுமானால் இன்னும் 35.1 கோடி டாலரும் ஆறு ஆண்டுகளும் ஆகும் என்று வெளியிலிருந்து மதிப்பிட்ட மைட்டர் நிறுவனம் சொன்னது. எஃப்.பி.ஐ. வேலையை நிறுத்தச் சொல்லித் தன் கைக்கே எடுத்துக்கொண்டது. சுமார் 220 ஆக இருந்த ஒப்பந்தப் பணியாளர்களை 40 ஆகவும், தன் ஊழியர்களை 30-லிருந்து 12 ஆகவும் குறைத்தது. இரண்டு வார ஸ்பிரின்ட்டுகள். ஒவ்வொன்றின் முடிவிலும் ஓடுகிற மென்பொருளைக் காட்டவேண்டும். 2012 ஜூலை 1-ல் சென்டினல் அமைப்பு முழுவதற்கும் வந்துசேர்ந்தது. 45.1 கோடி என்ற வரம்பு உடையவில்லை.

இதில் எல்லாம் சொன்ன தேதியில் நடந்ததா? இல்லை. 2011 செப்டம்பரில் முடிப்போம் என்றார்கள். பத்து மாதம் தள்ளிப்போயிற்று. 2011 அக்டோபரில் பெரிய சோதனை நடத்தியபோது வன்பொருளின் திறன் போதாமல் அமைப்பு விழுந்தது. புதிய கருவிகள் வாங்கவேண்டி வந்தது. இதை மறைக்க வேண்டிய அவசியம் எனக்கில்லை, ஏனென்றால் என் வாதம் இதில்தான் இருக்கிறது. அஜைல் தவறே நடக்காது என்று வாக்குக் கொடுப்பதில்லை. தவறு சின்னதாக இருக்கும்போதே கண்ணில் படும் என்று மட்டும் சொல்கிறது. வன்பொருள் போதாது என்று சோதனையில் தெரிவதற்கும், நாடு முழுவதும் அலுவலர்கள் உள்ளே நுழைந்த நாளில் தெரிவதற்கும் உள்ள தூரம்தான் இரண்டு வழிகளுக்கும் உள்ள தூரம்.

இரண்டாவது சொன்னதன் உதாரணமும் அமெரிக்காவிலேயே கிடைக்கிறது. மருத்துவக் காப்பீட்டுக்கான ஹெல்த்கேர்.கவ் தளம் 2013 அக்டோபர் 1-ல் திறக்கப்பட்டது. முதல் நாளில் வெற்றிகரமாகப் பதிவு செய்தவர்கள் ஆறு பேர். எல்லா உறுப்புகளையும் சேர்த்து முழுத் தளத்தையும் ஓட்டிப் பார்க்கும் சோதனை, திறப்பதற்குக் கடைசி இரண்டு வாரங்களில்தான் தொடங்கியதாக ஒப்பந்தக்காரரே நாடாளுமன்றக் குழுவின் முன் சாட்சியம் சொன்னார். கடைசிவரை காத்திருந்து கடைசியில் கண்டுபிடிப்பது என்றால் இதுதான்.

“அஜைலில் பொறுப்பு இல்லை, எழுத்தில் எதுவும் இல்லாவிட்டால் யாரைக் கேட்பது?” என்பது மூன்றாவது வாதம். இதற்கு என் சொந்த அனுபவத்திலிருந்து பதில் சொல்கிறேன். பணிக்குச் சேர்ந்த புதிதில், ஒரு சரக்குக் கிடங்குக்கான மென்பொருள் குழுவில் இருந்தேன். முந்நூறு பக்கத்துக்குத் தேவை ஆவணம். இருபுறமும் கையெழுத்து. பதினான்கு மாதம் வேலை. வாரம் தவறாமல் அறிக்கை போகும்: 60 சதவீதம், 75 சதவீதம், 90 சதவீதம். எல்லாக் கட்டமும் பச்சை நிறம். முடிவில் கிடங்கிலிருந்து ஓர் ஊழியரைச் சோதனைக்கு அழைத்து வந்து உட்காரவைத்தார்கள். பத்து நிமிடம் பார்த்தார். பிறகு தயங்கித் தயங்கிக் கேட்டார்: “சார், எங்களுக்கு ஒரே லாரியில் மூன்று ஆர்டர் சரக்கு கலந்து வரும். இதில் ஒரு லாரிக்கு ஒரு ஆர்டர்தானே போட முடிகிறது?”

அறையில் யாரும் பேசவில்லை. முந்நூறு பக்கத்தில் அது இல்லை. எழுதியவர்கள் கிடங்கு மேலாளரிடம் பேசியிருந்தார்கள். லாரியிலிருந்து சரக்கை இறக்குபவரிடம் பேசவில்லை. அந்த ஒரு கேள்விக்குப் பதில் சொல்லத் தரவுத்தள அமைப்பிலேயே கைவைக்க வேண்டியிருந்தது. அதற்கு ஐந்து மாதம் ஆயிற்று. அந்த ஐந்து மாதத்துக்கு யார் பணம் தருவது என்ற சண்டையில் கையெழுத்துப் போட்ட ஆவணம் நன்றாக உதவியது. கிடங்குக்கு ஓர் உதவியும் செய்யவில்லை. பொறுப்பு என்றால் என்ன என்பதை அன்று கற்றேன். குற்றத்தை யார் தலையில் போடலாம் என்று காட்டும் தாளுக்குப் பொறுப்பு என்று பெயர் வைத்திருக்கிறோம். பயன்படுத்துபவருக்கு வேலை நடந்ததா என்று இரண்டு வாரத்துக்கு ஒருமுறை அவர் முகத்துக்கு நேராக நின்று பதில் சொல்வதுதான் பொறுப்பு. 90 சதவீதம் முடிந்தது என்று அறிக்கையில் எழுதிவிடலாம். ஓடாத மென்பொருளை டெமோவில் ஓட்டிக் காட்ட முடியாது. எது கடுமையான ஒழுங்கு என்று நீங்களே முடிவு செய்யுங்கள்.

ஆவணமே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. எஃப்.பி.ஐ.யின் சென்டினலிலும் தேவைகள் எழுதிவைக்கப்பட்டுத்தான் இருந்தன. ஆவணம் வேலைக்குத் துணை. வேலைக்குப் பதிலாக ஆவணத்தைக் காட்டும் பழக்கத்தைத்தான் எதிர்க்கிறேன்.

நான்காவது வாதத்தை எதிர்த்தரப்பின் சிறந்த ஆயுதம் என்று ஒப்புக்கொள்கிறேன். “பிரிட்டனின் யுனிவர்சல் கிரெடிட்டைப் பாருங்கள். அஜைல் என்று அறிவித்துத்தான் தொடங்கினார்கள். என்ன ஆயிற்று?” ஆறு நலத்தொகைகளை ஒன்றாக்கும் அந்தத் திட்டம் 2013 தொடக்கத்தில் நிறுத்தப்பட்டு மறுபடி அமைக்கப்பட்டது. அந்த ஆண்டு செப்டம்பரில் தேசியத் தணிக்கை அலுவலகம் கடுமையான அறிக்கை வெளியிட்டது. 3.4 கோடி பவுண்ட் மதிப்புள்ள மென்பொருளை அதற்குள் தள்ளுபடி செய்திருந்தார்கள். உண்மை. ஆனால் அந்த அறிக்கை சொன்னதை முழுதாகப் படிக்கவேண்டும். அஜைல் முறையைத் தன் ஒப்பந்தங்களுக்குள்ளும் நிர்வாக, மேற்பார்வை அமைப்புக்குள்ளும் பொருத்தத் துறை திண்டாடியது என்றது. கெட்ட செய்தி மேலே போகாத, நல்ல செய்தி மட்டுமே போகும் சூழல் நிலவியது என்றது. அதாவது பெரும் நிறுவனங்களுடன் பழைய மாதிரி ஒப்பந்தங்கள், பழைய மாதிரி அதிகார அடுக்கு, அதன் மேல் புதிய பெயர்ப்பலகை.

அதே திட்டத்தின் இரண்டாம் பாதியை யாரும் சொல்வதில்லை. துறை தனக்குள்ளேயே ஒரு குழுவை அமைத்து, புதிய டிஜிட்டல் சேவையை முதலிலிருந்து கட்டியது. 2014 நவம்பரில் தெற்கு லண்டனின் சட்டன் பகுதியில் சின்ன அளவில் திறந்தது. அங்கே கற்றதைக்கொண்டு திருத்தித் திருத்தி, ஒவ்வோர் அலுவலகமாக நாடு முழுவதும் பல ஆண்டுகளில் விரித்தது. 2020 மார்ச்சில் கொரோனா ஊரடங்கு வந்தபோது இரண்டே வாரத்தில் ஏறத்தாழ 9.5 லட்சம் பேர் விண்ணப்பித்தார்கள். தொலைபேசிகள் திணறின, வரிசைகள் நீண்டன, ஆனால் சேவை நொறுங்கவில்லை. அந்த நலத்திட்டத்தின் கொள்கை நியாயமா, முதல் தொகைக்கு ஐந்து வாரம் ஏழைகளைக் காக்கவைப்பது சரியா என்பது வேறு விவாதம். அதில் எனக்குக் கடுமையான மாற்றுக்கருத்து உண்டு. மென்பொருளைக் கட்டிய விதம் பற்றிக் கேட்டால், ஒரே துறை, ஒரே திட்டம், இரண்டு வழிகள். முதல் வழி தள்ளுபடிக் கணக்கில் முடிந்தது. இரண்டாவது வழி நெருக்கடியைத் தாங்கியது. அஜைலுக்கு எதிராகக் கொண்டுவந்த சாட்சி அஜைலுக்காகப் பேசிவிட்டுப் போகிறது.

இனி, கீழே இருந்து வரும் குரலுக்குப் பதில் சொல்லவேண்டும். அதை மதிக்கிறேன், அதில் வலி இருக்கிறது. காலை ஸ்டாண்ட்-அப்பில் மேலாளர் நடுவே நின்று ஒவ்வொருவராக வருகை எடுப்பது போல நேற்று என்ன செய்தாய் என்று கேட்பது. வேலையின் பளுவை அளவிடுவதற்காகக் குழு தனக்குள் வைத்துக்கொண்ட ஸ்டோரி பாயின்ட்டைச் சம்பள உயர்வுக்கு அளவுகோலாக்குவது. தேதியையும் வேலையையும் வாடிக்கையாளர் இடமான ஆன்சைட்டில் தீர்மானித்துவிட்டு, சென்னையில் இருக்கும் குழுவிடம் ‘எஸ்டிமேட் கொடுங்கள்’ என்று கேட்பது. இவை எல்லாம் நடக்கின்றன. ஸ்டோரி பாயின்ட்டைக் கண்டுபிடித்தது தானாக இருக்கலாம் என்று சொல்லும் ரான் ஜெஃப்ரீஸ், அது பயன்படும் விதத்தைப் பார்த்து வருந்துவதாகவே எழுதினார். அவர் ஸ்னோபேர்டில் கையெழுத்திட்ட 17 பேரில் ஒருவர். இன்னொருவரான டேவ் தாமஸ் 2014-ல் அஜைல் செத்துவிட்டது என்றே எழுதினார். அந்தத் தலைப்பை மட்டும் எல்லோரும் பகிர்கிறார்கள். விற்பனைச் சரக்காகிவிட்ட சொல்லைத்தான் அவர் இறந்ததாக அறிவித்தார். எங்கே நிற்கிறாய் என்று பார், இலக்கை நோக்கிச் சிறிய அடி எடுத்து வை, கற்றதைக்கொண்டு திருத்திக்கொள், மறுபடி செய் என்று அந்த வழியை அதே கட்டுரையில் மறுபடி நிலைநாட்டினார்.

‘தோற்றால் அது உண்மையான அஜைல் இல்லை என்று தப்பித்துக்கொள்கிறீர்கள்’ என்று என்னிடம் கேட்கலாம். நியாயமான கேள்வி. அதனால் யாரும் தன் குழுவில் கேட்டுப் பார்க்கக்கூடிய மூன்று கேள்விகளை வைக்கிறேன். ஒன்று: கடந்த ஒரு மாதத்தில், உங்கள் வேலையை உண்மையில் பயன்படுத்தப் போகும் யாராவது அதைத் தொட்டுப் பார்த்தாரா? இரண்டு: அவர் சொன்னதைக் கேட்டு, அடுத்து செய்யவிருந்த வேலை ஏதாவது மாறியதா? மூன்று: குழுவில் மிகவும் இளையவர் ‘இது சரிவராது’ என்று சொல்ல, அதற்காக வேலை ஒருமுறையாவது நின்றதா? மூன்றுக்கும் இல்லை என்றால், சுவரில் எத்தனை வண்ணச் சீட்டு ஒட்டியிருந்தாலும் நீங்கள் வாட்டர்ஃபாலில்தான் இருக்கிறீர்கள். உங்களை விரட்டும் சாட்டை பழையது. கைப்பிடிக்கு மட்டும் புதுத் துணி சுற்றியிருக்கிறார்கள். 2001 அறிக்கையின் கொள்கைகளில் ஒன்று, காலவரையின்றித் தாக்குப்பிடிக்கக்கூடிய சீரான வேகத்தில் வேலை செய்யவேண்டும் என்பது. அதைக் கையில் வைத்துக்கொண்டு உங்கள் மேலாளரிடம் கேள்வி கேளுங்கள். எழுதியபடி செய் என்ற பழைய வழியில் அப்படிக் கேட்கவும் உங்களுக்கு இடம் இல்லை.

மூன்றாவது கேள்விதான் நம் அலுவலகங்களில் மிகக் கடினமானது. நம்மிடம் ‘சார்’ என்ற சொல் வெறும் மரியாதைச் சொல்லாக நிற்பதில்லை. பல நேரம் அது வாய்ப்பூட்டு. பெரியவர் பேசும்போது சின்னவர் பேசக்கூடாது என்று வளர்ந்தவர்கள், தேதி நடக்காது என்று தெரிந்தும் ‘முடிச்சுடலாம் சார்’ என்கிறார்கள். ஹெல்த்கேர்.கவ் தளத்தை மீட்கப் போன குழுவுக்குத் தலைமை தாங்கியவர்களில் ஒருவரான மைக்கி டிக்கர்சன் போட்ட விதிகளை இங்கே நினைக்கிறேன். இந்த அறை சிக்கலைத் தீர்ப்பதற்கு, பழி போடுவதற்கு வேறு இடம் பாருங்கள். ஒரு விஷயத்தைப் பற்றி அதை அதிகம் அறிந்தவர் பேசட்டும், உயர்ந்த பதவிக்காரர் பேசவேண்டியதில்லை. அடுத்த ஓரிரு நாளில் நம்மைத் தாக்கப்போவதை மட்டும் இப்போது பேசுவோம். நாளுக்கு இருமுறை ஸ்டாண்ட்-அப் நடத்தி, சில வாரங்களில் அந்தத் தளத்தை நிமிர்த்தினார்கள். அந்த இரண்டாவது விதி நம் ஊர் ப்ராஜெக்ட் அறை ஒவ்வொன்றிலும் எழுதி ஒட்டவேண்டிய விதி.

“இதெல்லாம் அமெரிக்கக்காரன் மோஸ்தர், நம் பண்பாட்டுக்கு ஒத்துவராது” என்பவர்களுக்கு ஒரு செய்தி. இந்தச் சிந்தனையின் வேர் ஜப்பானியத் தொழிற்சாலைகளில் இருக்கிறது. டொயோட்டாவில் தைச்சி ஓனோ உருவாக்கிய உற்பத்தி முறையில், வண்டி வரிசையில் நிற்கும் எந்தத் தொழிலாளியும் குறை கண்டால் கயிற்றை இழுத்து வேலையை நிறுத்தலாம். ஃபுஜி ஜெராக்ஸ், கேனன், ஹோண்டா முதலிய நிறுவனங்களின் குழுக்களைப் படித்து, தக்கேயுச்சி, நொனாக்கா என்ற இரு ஜப்பானியப் பேராசிரியர்கள் 1986-ல் எழுதிய கட்டுரையின் ரக்பி உவமையிலிருந்துதான் ஸ்க்ரம் என்ற அஜைல் முறையின் பெயரே வந்தது. இந்த வழியைக் கைக்கொள்ள நமக்குத் தகுதி உண்டா என்று கேட்டால், சென்னை பாடியைப் பாருங்கள். அங்கிருந்த சுந்தரம்-கிளேட்டன் நிறுவனத்தின் பிரேக்ஸ் பிரிவு 1998-ல், தர மேம்பாட்டுக்கு ஜப்பான் தரும் டெமிங் பரிசைப் பெற்றது. இந்தியாவில் அந்தப் பரிசைப் பெற்ற முதல் நிறுவனம் அதுதான். தர நிபுணர் டெமிங் கற்றுக்கொடுத்ததிலிருந்து ஜப்பானியர் உருவாக்கிய திட்டமிடு, செய், சரிபார், திருத்து என்ற சக்கரத்தை நம் ஊர்த் தொழிலாளர்கள் அவ்வளவு நன்றாகச் சுழற்றினார்கள். பாடியில் முடிந்தது பழைய மகாபலிபுரம் சாலையின் சோழிங்கநல்லூரில் ஏன் முடியாது?

அந்தச் சக்கரத்தில் முதலில் வருவது ‘திட்டமிடு’ என்பதையும் கவனியுங்கள். ஒவ்வொரு சுற்றிலும் அது முதலில் வருகிறது. இரண்டு வார ஸ்பிரின்ட்டில் வேலை செய்யும் குழு ஆண்டுக்கு 26 முறை திட்டமிடுகிறது; 26 முறையும் நேற்று வரை தெரிந்த உண்மையை வைத்துத் திட்டமிடுகிறது. மற்றவர் ஒரே முறை, எதுவும் தெரியாத முதல் நாளில் திட்டமிட்டுவிட்டு, பிறகு அதற்குக் காவல் நிற்கிறார். இந்த இருவரில் திட்டமில்லாதவர் யார்?

எல்லா வேலைக்கும் ஒரே அளவில் இது பொருந்தும் என்று நான் சொல்லவில்லை. இதயத்துக்குள் வைக்கும் கருவியின் நிரலையோ அணுஉலையின் பாதுகாப்பு அமைப்பையோ இரண்டு வாரத்துக்கு ஒருமுறை நோயாளியிடமும் உலையிலும் கொடுத்துப் பார்க்க முடியாது. திரும்ப முடியாத அடியை எடுத்து வைக்கும் முன் நீண்ட நேரம் யோசிக்கத்தான் வேண்டும். ஆனால் நம் குழுக்கள் செய்யும் வேலையில் எத்தனை பங்கு அப்படிப்பட்டது? வங்கிப் படிவம், கிடங்குக் கணக்கு, மருத்துவமனை முன்பதிவு, பள்ளிச் சேர்க்கை, ரேஷன் பட்டியல். இவை எல்லாம் நாளைக்கே ஒருவர் கையில் கொடுத்துப் பார்க்கக்கூடியவை. அவற்றுக்கும் அணுஉலையின் கனத்தைக் கற்பித்துப் பதினான்கு மாதம் பூட்டி வைப்பதற்குக் காரணம் எச்சரிக்கை இல்லை. பயன்படுத்துபவர் வாயிலிருந்து ‘இது எனக்கு உதவாது’ என்ற சொல்லைக் கேட்க நாம் பயப்படுகிறோம்.

அந்தப் பயத்தை விடுங்கள் என்பதுதான் என் வேண்டுகோள். மேலாளர்களே, அடுத்த ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் முன், முதல் மாத முடிவில் ஓடும் நிலையில் என்ன கிடைக்கும் என்று கேட்டு எழுதி வாங்குங்கள். பொறியாளர்களே, அஜைல் என்ற பெயரில் உங்களைக் கசக்குபவர்களை எதிர்த்துப் பேசுங்கள். ஆனால் அந்தக் கோபத்தில் உங்களுக்குக் குரல் கொடுத்த ஒரே வழியையும் கைவிடாதீர்கள். கிடங்கில் லாரியிலிருந்து சரக்கை இறக்கும் அந்த மனிதர் பத்தே நிமிடத்தில் சொன்னதைப் பதினான்கு மாதமாக முப்பது பேருக்குத் தெரியவில்லை. அவரைக் கடைசி நாளில் சோதனைக்கு அழைக்காதீர்கள். முதல் மாதமே அழைத்து வந்து உட்காரவையுங்கள்.